கந்தகம் வந்த வழி

நாட்டு மருந்துக் கடையில் நெல்லிக்காய்க் கந்தகம் என்று கேட்டால் மஞ்சள் கட்டிகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். வெடி செய்பவர்களிடம் கேட்டால் வாணக் கந்தகத்தைக் காட்டுவார்கள். சிரங்குக்குப் பூசும் களிம்பிலும் அது இருக்கிறது, தீபாவளி விடியற்காலையில் தெருவை நிறைக்கும் நெடியிலும் இருக்கிறது. இவ்வளவு பழகிய பொருள் நம் கைக்கு வருவதற்கு முன் எங்கெல்லாம் போய்வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதன் கதையில் நாடு கடத்தப்பட்ட புத்த பிக்கு வருகிறார், எரிமலைக்குள் கயிற்றில் இறங்கிய சிப்பாய் வருகிறார், தீவு வாங்கி நொடித்த முதலாளி வருகிறார். அவர்கள் எல்லோரும் பார்த்தது பயணத்தின் கடைசிக் கட்டத்தை மட்டுமே. முதல் கட்டம் கடலுக்கு அடியில் நடந்தது. அதைக் கண்டறிந்தவர்கள் அணுக்களை எடைபோடத் தெரிந்த புவிவேதியியலாளர்கள்.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. கடல் முழுவதையும் கணக்கில் எடுத்தால் அது மலைமலையாகக் கந்தகம். அதில் ஒரு பகுதி கடல்தரைக்குள் புகுந்துவிடுகிறது. கடல்தரைப் பாறையின் வெடிப்புகளில் இறங்கும் நீர் சூடேறும்போது சல்பேட் கால்சியத்தோடு சேர்ந்து பாறையில் படிகிறது. சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் வேறு ஒரு வேலை செய்கின்றன. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் அவை சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியேற்றுகின்றன. அது இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிறது. பார்க்கத் தங்கம்போல மின்னி ஏமாற்றும் கல் அதுதான். இந்தச் சுமையோடு கடல்தரை நகர்கிறது. ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் தரை, ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வேகத்தில், ஆழ்கடல் அகழி ஒன்றில் இறங்கி இந்தோனேசியாவுக்கு அடியில் போகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையை அழித்த ஆழிப்பேரலை புறப்பட்டதும் இதே அகழியின் வடக்குப் பகுதியில்தான். சுமத்ராவுக்கு அருகே அகழிக்குள் இறங்கும் வண்டலில் பெரும்பங்கு இமயமலையில் அரிக்கப்பட்டு வந்த மண்.

இப்படி இறங்கும் கடல்தரைப் பாறைத் தட்டை அழுத்தமும் வெப்பமும் பிழிகின்றன. நீர், கரியமில வாயு, குளோரின், கந்தகம் என எளிதில் வளியாகும் பொருட்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே ஏறுகின்றன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் தட்டை விட்டு வெளியேறும் நீர், மேலிருக்கும் கவசம் என்னும் அடுக்கின் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை உருகி மேலெழுந்து எரிமலையாகிறது. ஜப்பான், பிலிப்பைன்ஸ், ஜாவா, அந்தமானின் பாரன் தீவு, மெக்சிகோ, ஆண்டீஸ் என்று எரிமலைகள் வரிசை கட்டி நிற்பதன் காரணம் இதுதான். இறங்கிய இடத்திலிருந்து எரிமலை வாய்வரை வர கந்தகத்துக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும்.

கிழக்கு ஜாவாவின் காவா இஜென் எரிமலையில் அந்தக் கடைசிக் கட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். வாயுவைக் குழாய்களுக்குள் திருப்பிவிட்டிருக்கிறார்கள். குழாய் முனையில் செந்நிறக் குழம்பாகச் சொட்டும் கந்தகம் ஆறியதும் மஞ்சளாகிறது. தொழிலாளர்கள் அதை உடைத்து, மூங்கில் கூடைகளில் 70 முதல் 90 கிலோ வரை தோளில் சுமந்து, எரிமலை வாயின் விளிம்புக்கு ஏறுகிறார்கள். மூச்சை அடைக்கும் புகைக்கு நடுவே ஈரத் துணியை வாயில் கட்டிக்கொண்டு இந்த வேலையைப் பலர் செய்திருக்கிறார்கள். இரவில் அங்கே வாயு நீலமாக எரிவதைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு அந்தத் தோள்களின் தழும்பும் கண்ணில் பட வேண்டும்.

மனிதர் இந்தப் பொருளைத் தொட்ட காலம் மிகப் பழையது. ஹோமரின் ஒடிசியில், ஒடிசியஸ் தன் வீட்டில் நடந்த கொலைகளுக்குப் பிறகு கூடத்தைக் கந்தகப் புகையிட்டுத் தூய்மை செய்கிறான். ரோமானியர் மூத்த பிளினி தம் பெரிய இயற்கை நூலில் கந்தகத்தைப் பற்றியும் எழுதினார். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலேறிப் போனவர் கரையிலேயே இறந்தார். கடைசி நேரத்தில் கந்தக நெடி சூழ்ந்துவந்ததை அவருடைய மருமகன் கடிதமாக எழுதி வைத்தார். தாம் எழுதிய பொருளின் புகையிலேயே மூச்சை விட்டவர் வரலாற்றில் அதிகம் பேர் இருக்க முடியாது.

அதுவரை கந்தகம் பூசைக்கும் மருந்துக்கும் உரிய சிறு சரக்கு. அதைப் பெரும் சரக்காக்கியது சீனாவில் நேர்ந்த விபத்து. சாகாவரம் தேடிய தாவோயிச ரசவாதிகள் கந்தகத்தையும் வெடியுப்பையும் தேனையும் கலந்து சூடாக்கினார்கள். கை, முகம் கருகி வீடே எரிந்துபோனதாக ஒரு பழைய சீன நூல் எச்சரிக்கிறது. உயிரை நீட்டிக்கப் போய் வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1044இல் தொகுக்கப்பட்ட சீன இராணுவ நூலில் வெடிமருந்துக்கான செய்முறை எழுத்தில் இருக்கிறது. வெடியுப்பு சீனாவில் தாராளமாகக் கிடைத்தது. கந்தகம் போதவில்லை. கிழக்கே கடலைக் கடந்தால் எரிமலைகள் நிறைந்த ஜப்பான் இருந்தது.

1084இல் சுங் அரசு, இன்றைய நிங்போ துறைமுகத்திலிருந்து வணிகர்களை ஜப்பானுக்கு அனுப்பி 5,00,000 கட்டி (சீன எடை அளவு) கந்தகம் வாங்க ஏற்பாடு செய்தது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 300 டன். வடமேற்கே தாங்குத் நாட்டுடன் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கந்தகத்தின் முக்கியமான ஊற்று கியூஷூவுக்குத் தெற்கே கடலில் புகைந்துகொண்டிருக்கும் ஒரு சிறு தீவு. இன்று அதன் பெயர் சாத்சுமா இயோஜிமா. சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் பெரிதாக வெடித்துக் கடலில் மூழ்கிய கிகாய் எரிமலையின் விளிம்பில் அது நிற்கிறது. பிலிப்பைன் கடல் தட்டு ஜப்பானுக்கு அடியில் அமிழ்வதால் உண்டான எரிமலை.

1177இல் ஆட்சியாளர் தைரா கியோமோரிக்கு எதிராகச் சதி செய்ததாகப் பிடிபட்ட ஷுன்கான் என்ற பிக்கு, வேறு இருவரோடு இந்தத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டதாக ஹெய்க்கே காவியம் சொல்கிறது. அடுத்த ஆண்டு மன்னிப்பு வந்தது. மற்ற இருவரின் பெயர்களே அதில் இருந்தன. கரையில் நின்று கதறியவரை விட்டுவிட்டுப் படகு போய்விட்டது. பிறகு அவர் எப்படிப் பிழைத்தார் என்ற இடத்தில் காவியம் ஒரு வணிகச் செய்தியை நமக்குத் தந்துவிடுகிறது. உடம்பில் தெம்பிருந்தவரை மலையேறிக் கந்தகம் தோண்டி, கியூஷூவிலிருந்து வரும் வியாபாரிகளிடம் கொடுத்து உணவு வாங்கினாராம். தலைநகரில் பெரிய கோயில் நிர்வாகத்தைப் பார்த்தவர், போர்ச் சரக்கு வணிகத்தின் கடைக்கோடித் தொழிலாளியாக முடிந்தார். அவர் தோண்டிய கட்டியில் ஏதோ ஒன்று சீன வெடிகுண்டில் போய்ச் சேர்ந்திருந்தால் வியப்பில்லை. ஷுன்கானின் துயரத்தை நோ, கபுகி நாடகங்கள் இன்றும் நடிக்கின்றன. கந்தகத்தை யாரும் கவனிப்பதில்லை.

இந்தத் தொழிலை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ரியூக்யூ அரசு மிங் பேரரசருக்கு அனுப்பிய திறைப் பொருட்களில் குதிரையும் கந்தகமும் முக்கியமானவை. தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்த மலாக்காவைப் போர்த்துக்கீசியர் பிடித்த பின், தொமே பிரேஸ் என்ற மருந்து வணிகர் அங்கே தங்கி 1512 முதல் 1515 வரை கிழக்கத்திய சரக்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஃபுளோரஸுக்கு அருகிலிருக்கும் சோலோர் தீவுப் பக்கம் கந்தகம் ஏராளம் என்றும், அது மலாக்கா வழியாக இன்றைய வியட்நாம் பகுதிக்குப் போகிறது என்றும் குறித்துவைத்தார். மருந்து விற்கிறவரின் கண்ணுக்கு இந்தச் சரக்கு தப்பவில்லை.

உலகின் மறுபக்கத்தில் ஹெர்னான் கோர்த்தேஸுக்கு வெடிமருந்து தீர்ந்துபோயிருந்தது. அஸ்டெக் தலைநகரம் 1521இல் விழுந்துவிட்டது, ஸ்பெயினிலிருந்து சரக்கு வர மாதக்கணக்காகும். பக்கத்திலேயே 5,400 மீட்டர் உயரத்தில் போபோகாடெபெட்ல் புகைந்துகொண்டிருந்தது. பிரான்சிஸ்கோ மொந்தானோ என்ற சிப்பாயைக் கயிற்றில் கட்டி எரிமலை வாய்க்குள் இறக்கினார்கள். பையில் கந்தகத்தை நிரப்பிக்கொண்டு அவர் மேலே வந்தார், மறுபடியும் இறங்கினார். கோர்த்தேஸ் இதைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். மெக்சிகோவுக்கு அடியில் கோகோஸ் தட்டு அமிழ்ந்திருக்காவிட்டால் அந்தப் பீரங்கிகளுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்திருக்கும்.

இதுவரை சொன்ன கந்தகம் பெரும்பாலும் எரிமலைக் கந்தகம். அடுத்து வந்த சிசிலி இந்த ஒழுங்கைக் குலைத்தது. தீவின் கிழக்கே எட்னா புகைகிறது என்பதால், அங்குள்ள கந்தகமும் எட்னாவின் கொடை என்று நினைக்கத் தோன்றும். சுரங்கங்கள் இருந்ததோ அக்ரிஜெந்தோ, கல்தானிசெத்தா பக்கம், சுண்ணாம்புக் கல்லுக்கும் ஜிப்சத்துக்கும் நடுவே. அதன் விளக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் பருத்தி ஆலைகளுக்கு வெளுப்புப் பொருள் வேண்டும், சோப்புக்கும் கண்ணாடிக்கும் சோடா வேண்டும். இரண்டுக்கும் கந்தக அமிலம் வேண்டும். தேவை இன்னொரு திசையிலிருந்தும் வந்தது. 1826இல் ஸ்டாக்டன் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர், கலவை கிண்டிய குச்சியின் நுனி உரசித் தீப்பற்றியதைக் கண்டார். ஆன்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் சேர்ந்த கலவை அது. அவர் காப்புரிமை வாங்கவில்லை. லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் அதை அப்படியே நகலெடுத்து ‘லூசிஃபர்’ என்று பெயர் சூட்டி விற்றார். நகலுக்கு நகலாக அந்தத் தொழில் ஸ்வீடன், ஜப்பான் என்று போய், ஜப்பான் தீப்பெட்டிகளாக இந்தியச் சந்தைக்கு வந்தது. 1923இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தத் தீப்பெட்டி ஊர்தான் பிறகு பட்டாசு ஊராகவும் வளர்ந்தது.

சிசிலிக் கந்தகம் இல்லாமல் பிரிட்டனின் ஆலைகள் ஓடாது என்ற நிலைமையைச் சிசிலியையும் ஆண்ட நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் பெர்டினாண்ட் கவனித்தார். 1838இல் மார்செய் நகரத்துப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்கு ஏகபோக உரிமை கொடுத்தார். விலை பாய்ந்தது. 1840இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் கடற்படையை அனுப்பி நேப்பிள்ஸ் கப்பல்களைப் பிடிக்க வைத்தார். மஞ்சள் கட்டிக்காக ஒரு போர் மூளும் நிலை. மன்னர் பின்வாங்கினார், ஏகபோகம் ரத்தானது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் பிரிட்டிஷ் அமில உற்பத்தியாளர்கள் அயர்லாந்துப் பைரைட்டை வறுத்தே கந்தகத்தை எடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிறகு ஸ்பெயினின் பைரைட்டும் வந்தது.

சிசிலிக்கு அருகிலேயே வுல்கானோ தீவில் இன்னொருவர் அதிர்ஷ்டத்தைச் சோதித்தார். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தீவின் நிலத்தை வாங்கிக் கந்தகமும் படிகாரமும் எடுத்தார், திராட்சைத் தோட்டமும் போட்டார். 1888இல் எரிமலை வெடித்து, 1890 வரை விட்டுவிட்டுக் கற்களை வீசியது. தொழில் அத்துடன் முடிந்தது.

சிசிலிச் சுரங்கங்களின் கொடுமை வேறு வகை. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு சிறுவர்களைச் சுரங்கத் தொழிலாளிகளிடம் ஒப்படைத்தார்கள். கடன் தீரும்வரை அந்தப் பையன்கள் கந்தகக் கல்லைக் கூடையில் சுமந்து இருட்டுப் படிகளில் ஏறினார்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டன் 1910இல் இந்தச் சுரங்கங்களில் ஒன்றுக்குள் இறங்கிப் பார்த்தார், தம் ஐரோப்பியப் பயண நூலில் இந்தச் சிறுவர்களின் நிலைமையை மிகுந்த வேதனையோடு எழுதினார். நாடகாசிரியர் பிரான்டெல்லோவின் குடும்பப் பணமும் இதில்தான் இருந்தது. 1903இல் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. குடும்பச் சொத்தும் மனைவியின் வரதட்சணையும் போயின, அவருடைய மனைவியின் மனநலம் அந்த அதிர்ச்சியில் குலைந்தது. அதன் பிறகுதான் பிழைப்புக்காக எழுதித் தீர வேண்டிய நிலைக்கு வந்தார் அந்த எதிர்கால நோபல் பரிசாளர்.

சிசிலியை வீழ்த்தியவர் ஹெர்மன் ஃபிராஷ். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா வந்த இவர், நாற்றமடிக்கும் கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கும் முறையைக் கண்டுபிடித்துப் பணம் சம்பாதித்தவர். லூசியானாவில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் புதைமணலுக்கு அடியில் தற்செயலாகக் கந்தகத்தைக் கண்டிருந்தார்கள். சுரங்கம் தோண்டப் போனவர்களை நச்சு வாயு கொன்றது. கந்தகம் உருக 115 டிகிரி போதும். ஃபிராஷ் அதைவிடச் சூடான நீரை அழுத்தத்தில் குழாய் வழியே உள்ளே செலுத்தினார். 1894 டிசம்பரில் உருகிய கந்தகம் மேலே வந்தது. சில ஆண்டுகளில் சிசிலி சந்தையை இழந்தது. ஃபிராஷின் முறையும் நிலைக்கவில்லை. எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் நீக்கிய கந்தகமே பின்னாளில் உலகச் சந்தையை நிறைத்தது. ஜப்பானின் பெரிய கந்தகச் சுரங்கமான மட்சுவோ 1970 வாக்கில் மூடப்பட்டது. அமெரிக்காவின் கடைசி ஃபிராஷ் சுரங்கம் 2000இல் நின்றது. அவருடைய முதல் தொழில் அவருடைய இரண்டாவது தொழிலைத் தின்றுவிட்டது.

சிசிலிக் கந்தகத்துக்கும் லூசியானாக் கந்தகத்துக்கும் எரிமலையோடு தொடர்பில்லை என்றால், அவை எப்படி உண்டாயின? இந்தக் கேள்விக்கு விடை கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஹாரி தோட் என்ற வேதியியலாளர் அங்கே நிறை நிறமாலைமானி ஒன்றை அமைத்திருந்தார். கந்தக அணுக்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. நூற்றுக்குச் சுமார் 95 அணுக்கள் 32 நிறை கொண்டவை, நான்கு சொச்சம் 34, மீதி 33, 36. இவையே ஐசோடோப்புகள். வேதியியலில் இவை ஏறத்தாழ ஒன்றுபோலவே நடக்கும். ஆனால் பாக்டீரியா சல்பேட்டை உடைக்கும்போது இலேசான கந்தகம்-32ஐ அதிகமாக எடுத்துக்கொள்கிறது, கனமான 34ஐ விட்டுவைக்கிறது. தோட்டும் அவர் குழுவும் 1950களின் தொடக்கத்தில், அமெரிக்க வளைகுடா உப்பு மேடுகளில் கிடைத்த கந்தகத்தில் இந்த விருப்பத்தின் தடத்தைக் கண்டார்கள். ஜிப்சத்தை உணவாக்கிய நுண்ணுயிரிகள் செய்த கந்தகம் அது. 1962இல் சிசிலியில் நடந்த ஐசோடோப்பு ஆய்வும் அதே திசையைக் காட்டியது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் பெரும்பகுதி வற்றி ஜிப்சம் படிந்தது. அதில் பாக்டீரியா வேலை செய்தது. பாமர்ஸ்டன் கப்பல் அனுப்பியது நுண்ணுயிரிகளின் சரக்குக்காக.

இப்படி எடையை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. பூமியின் கந்தகம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதால், விண்கல்லைத் தேர்ந்தார்கள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் அரிசோனாவில் விழுந்து பெரும் பள்ளம் உண்டாக்கிய கேன்யன் டையாப்லோ விண்கல்லில் உள்ள இரும்புச் சல்பைடைச் சுழியம் என்று வைத்துக்கொண்டார்கள். விண்கல்லும் துண்டுக்குத் துண்டு சற்றே மாறுபடுவது பிறகு தெரியவந்தது. 1990களில் வியன்னாவிலிருக்கும் பன்னாட்டு அணுசக்தி முகமை வழங்கும் வெள்ளிச் சல்பைடுத் தூளின்மேல் அளவுகோலை மாற்றி அமைத்தார்கள். அந்தக் கணக்கில் பூமியின் கவசம் சுழியத்துக்கு அருகில் நிற்கிறது. இன்றைய கடல் சல்பேட் ஆயிரத்துக்கு 21 பங்கு கனமானது. சேற்றுப் பைரைட் பெரும்பாலும் சுழியத்துக்கு வெகு கீழே. மூன்று ஊற்றுக்கும் மூன்று எண். எரிமலைக் கந்தகம் எங்கிருந்து வந்தது என்று கேட்க இனி வழி பிறந்துவிட்டது.

கேள்வியை அவசரமாக்கியது 1982 மார்ச் இறுதியில் மெக்சிகோவில் வெடித்த எல் சிச்சோன். சுமார் 2,000 பேர் இறந்தார்கள். நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோனை அளக்க வைத்திருந்த கருவி, மெக்சிகோவுக்கு மேலே ஓசோன் விசித்திரமாகக் கூடியிருப்பதாகக் காட்டியது. ஆர்லின் க்ரூகர் அதை ஆராய்ந்து, அது ஓசோன் அல்ல, கந்தக டையாக்சைடு என்று கண்டார். இரண்டும் புற ஊதா ஒளியை ஒரே பகுதியில் விழுங்குவதால் வந்த குழப்பம் அது. விண்ணிலிருந்து எரிமலையின் கந்தகத்தை எடைபோடும் வேலை இப்படித் தவறான வாசிப்பிலிருந்து பிறந்தது. ஏறத்தாழ 70 லட்சம் டன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் அதில் ஒரு சிறு பங்கையே கக்கியிருந்தது. எல் சிச்சோனின் நுரைக்கல்லில் அன்ஹைட்ரைட் படிகங்கள் இருந்தன. கால்சியம் சல்பேட், அதாவது நீரற்ற ஜிப்சம், பாறைக்குழம்புக்குள்ளேயே உறைந்து வெளிவந்திருக்கிறது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்தபோதும் அதே படிகங்கள் கிடைத்தன. அது வீசிய 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டையாக்சைடு வானில் கந்தக அமிலத் துளிகளாக மாறி வெயிலைத் தடுத்தது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது.

இனி எரிமலைகளின் ஐசோடோப்பு எடைக்கு வருவோம். ஹவாய்த் தீவில் தட்டு எதுவும் அமிழ்வதில்லை. அங்குள்ள கிலாவேயாவின் கந்தகம் சுழியத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. ஜப்பானின் எரிமலைப் பாறைகளை 1984இல் அளந்த உவேடாவும் சகாயும் சராசரியாக ஆயிரத்துக்கு நான்கு சொச்சம் கனமான கந்தகத்தைக் கண்டார்கள். எல் சிச்சோன் ஆறுக்கு அருகே வந்தது. 1993இல் ஜெஃப்ரி ஆல்ட்டும் கூட்டாளிகளும் மரியானா எரிமலைத் தொடரிலும், 2001இல் டி ஹூக் குழுவினர் இந்தோனேசியாவிலும் சுழியத்துக்கு மேலேயே கண்டார்கள். தட்டு அமிழும் இடங்களில் எல்லாம் எடை கூடுகிறது. எடை கூடிய கந்தகம் இருப்பது கடல் சல்பேட்டில். ஷுன்கான் தோண்டியதிலும் மொந்தானோ பையில் அள்ளியதிலும் பண்டைய கடலின் பங்கு கலந்திருந்தது என்று நம்ப இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த வாசிப்பில் சிக்கல் உண்டு. பாறைக்குழம்பு மேலே வரும்போதே கந்தகத்தில் பெரும்பகுதி வாயுவாகக் கழன்றுவிடும். கழலும்போது மிச்சத்தின் எடையும் மாறும். ஆறிய எரிமலைப் பாறையை மட்டும் அளந்தால் பயணி இறங்கிய பிறகு காலிப் பேருந்தைச் சோதிப்பதுபோல ஆகிவிடும். அதனால் ஆய்வாளர்கள் ஒலிவின் படிகங்களைத் தேடுகிறார்கள். குழம்பு இன்னும் ஆழத்தில் இருக்கும்போதே வளர்ந்த இந்தப் பச்சைப் படிகங்களுக்குள் முடியளவு குறுக்களவுள்ள கண்ணாடித் துளிகள் சிக்கியிருக்கும். அயனிக் கற்றையை அந்தத் துளியில் பாய்ச்சி, சிதறும் கந்தக அணுக்களை எடை வாரியாகப் பிரிப்பார்கள். அமெரிக்காவின் காஸ்கேட் மலைத்தொடரில் மிஷெல் மியூத்தும் பால் வாலஸும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, தட்டிலிருந்து வரும் சல்பேட் கூடக்கூடக் குழம்பின் ஆக்சிஜனேற்றமும் கூடுவதைக் காட்டியது. இது சின்ன விஷயமல்ல. ஆக்சிஜனேற்றம் கூடிய குழம்பில் கந்தகம் சல்பேட்டாகக் கரைந்து இருக்கும், தாமிரத்தை வழியிலேயே இழுத்துக்கொண்டு படியாது. ஆண்டீஸின் சுக்கிகமாத்தா போன்ற மாபெரும் தாமிரச் சுரங்கங்கள் அமைந்த பின்னணியில் இதுவும் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. தாமிரத் தாதுவை உருக்கும் ஆலை எதுவானாலும் புகைபோக்கியில் கந்தக டையாக்சைடு வருவது, அந்தத் தாதுவிலேயே கந்தகம் பிணைந்திருப்பதால்தான். தூத்துக்குடி மக்கள் தங்கள் ஊர்த் தாமிர ஆலையின் புகையைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசினார்கள். 2018 மே மாதப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள், ஆலை மூடப்பட்டது.

எல்லாக் கந்தகமும் எரிமலை வழியே உடனே திரும்பிவிடுவதில்லை. தட்டோடு சேர்ந்து இன்னும் ஆழத்துக்குப் போனது என்ன ஆனது? 2000ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபார்குவாரும் கூட்டாளிகளும், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் கந்தகம்-33இன் அளவு வழக்கமான விதிக்குக் கட்டுப்படாமல் இருப்பதைக் கண்டார்கள். அக்காலத்துக் காற்றில் ஆக்சிஜன் இல்லை, ஓசோன் திரையும் இல்லை. சூரியனின் புற ஊதா ஒளி கந்தக வாயுவை நேரடியாக உடைத்ததால் அந்த விசித்திரம் உண்டானது. ஆக்சிஜன் வந்தபின் அது மறுபடி உண்டாகவில்லை. அதனால் அந்த அடையாளம் எங்கே தென்பட்டாலும் அது பழங்காற்றைத் தொட்ட கந்தகம்தான். 2002இல் போட்ஸ்வானாவின் ஒராபா சுரங்கத்து வைரங்களுக்குள் சிக்கிய சல்பைடில் அது தென்பட்டது. காற்றில் திரிந்த கந்தகம் வைரம் உருவாகும் ஆழத்துக்குப் போயிருக்கிறது.

2013இல் இன்னும் பெரிய செய்தி வந்தது. பசிபிக்கின் குக் தீவுகளில் ஒன்றான மங்கையாவின் எரிமலைப் பாறைக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. அதன் ஒலிவின் படிகங்களுக்குள் இருந்த சல்பைடுத் துகள்களில் ரீட்டா கப்ராலும் குழுவினரும் அதே கந்தகம்-33 விசித்திரத்தைக் கண்டார்கள். மனிதரோ விலங்கோ மரமோ இல்லாத பூமியில், ஆக்சிஜனற்ற காற்றிலிருந்து இறங்கிய கந்தகம் கடல்தரையில் படிந்து, தட்டோடு கவசத்துக்குள் போய், 200 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே தங்கி, ஒரு பசிபிக் தீவில் வெளிவந்திருக்கிறது. தட்டு அமிழ்தல் அவ்வளவு பழைய காலத்திலேயே ஏதோ ஒரு வடிவில் நடந்திருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்து வருகிறது. மூன்று ஆண்டு கழித்து, பவுன்டி கப்பல் கலகக்காரர்கள் ஒளிந்து வாழ்ந்த பிட்கெய்ர்ன் தீவின் பாறைகளிலும் பழங்காற்றின் தடம் கிடைத்தது.

இப்போது நடக்கும் விவாதம் கணக்கைப் பற்றியது. இறங்கும் கந்தகத்தில் எவ்வளவு எரிமலை வழியே திரும்புகிறது, எவ்வளவு மங்கையா வழியை எடுக்கிறது? எரிமலைப் பக்கமிருந்து பார்ப்பவர்கள் சல்பேட்டை நம்புகிறார்கள். மறுபக்கம், தட்டோடு பல பத்துக் கிலோமீட்டர் இறங்கி மலையெழுச்சியில் மேலே தள்ளப்பட்ட பாறைகள் கிரேக்கத்தின் சிரோஸ் தீவிலும் ஆல்ப்ஸிலும் இருக்கின்றன. அவற்றிலுள்ள பைரைட் மணிகள் உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக வளர்ந்தவை. ஒவ்வோர் அடுக்கையும் அயனிக் கற்றையால் அளக்கலாம். இத்தகைய பாறைகளை ஆராய்ந்தவர்களில் சிலர், தட்டை விட்டு வெளியேறும் நீரில் கந்தகம் சல்பைடாகவே அதிகம் போகிறது என்றும், அதன் எடை எரிமலையில் கண்ட அளவுக்கு இல்லை என்றும் 2020இல் எழுதினார்கள். அப்படியென்றால் எரிமலைக் கந்தகத்தின் கூடுதல் எடைக்குப் பாதி வழியில் நடந்த வேறு ஏதோ ஒன்று காரணமாக வேண்டும், அல்லது இந்தப் பாறைகள் போன ஆழத்தையும்விட இன்னும் ஆழத்தில் சல்பேட் கழல வேண்டும். இரு தரப்பும் அடுத்த மாதிரிகளை அறுத்துக்கொண்டிருக்கின்றன.